கிளிப்பச்சை வேனுக்கு ஈடாக

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். சாலை அங்கே வந்து, ஒரு பெரிய புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, அதோடு முடிந்துவிடும்.

அந்த மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் ஒருவனைப் படுக்கவைத்து, ஊர்சனம் வண்டிக்காகக் காத்திருந்தது. காலையில் புளி உலுக்க மரம் ஏறியவன் விழுந்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து கால் ஒரு பக்கமாகக் கிடந்தது. வாந்தி எடுத்திருந்தான். கண் சொருகிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசி வளைவில் நான் திரும்பும்போதே அவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டார்கள். இரண்டு பெண்கள் முந்தானையை வீசிக்கொண்டு சாலைக்கு ஓடிவந்தார்கள். வியாபாரத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நானும் குஷியாக ஹாரனைப் பிடித்து அமுக்கினேன். பித்தளைக் குழாயும் ரப்பர் பந்தும் வைத்த பழைய ஹாரன். பாங், பாங் என்று அடுத்த மலைக்குக் கேட்கும்.

முந்தானைகள் கீழே இறங்கின.

இளசுகள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். வயதானவர்கள் ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் நகர்ந்தார்கள். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா மட்டும் முன்னால் வந்து, கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அதே வண்டி," என்றாள். "மேஸ்திரி வண்டி."

என்னைப் பல இடங்களில் துரத்தியிருக்கிறார்கள். ரயிலில், கடைவாசலில், ஒரு தடவை கல்யாணப் பந்தியிலிருந்தே. அதெல்லாம் நான் செய்த காரியத்துக்காக. வண்டி வேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஊர், என் வண்டியைக் கண்டு பின்வாங்கியது இதுதான் முதல் தடவை.

பினாயில் வாசனை

தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த வேனைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கம், மலையடிவாரம். அப்பாவைச் சவரிமுத்து மேஸ்திரி என்பார்கள். மலைக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து, வேனில் ஏற்றி, கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களில் கொண்டுபோய் விடுவார். வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றிவருவார். அதுதான் தொழில். வளைவில் நின்று ஹாரன் அடித்தால், மூட்டை முடிச்சோடு ஆட்கள் சாலைக்கு வந்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

வேன் கிளிப்பச்சை நிறம். நடுவில் வெள்ளைப் பட்டை. பின்னால் சீட்டு கிடையாது, வெறும் தகரத் தரை. டிரைவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு.

சனிக்கிழமை அம்மா அந்தத் தரையில் பினாயில் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவாள். ஞாயிற்றுக்கிழமை அதில் கோரைப்பாய் விரித்து, குடும்பத்தோடு கோயிலுக்குப் போவோம். பூசை முடிந்து திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழச் சோறு சாப்பிடுவோம். என் அக்காவின் தலையில் கனகாம்பரம். கீழே பினாயில், மேலே டீசல். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசம் வந்தால் மற்றவர்களுக்கு வயிறு கலங்கும். எனக்குப் பசிக்கும்.

வீட்டுத் தரைக்கு ஊற்றாத பினாயிலை வண்டித் தரைக்கு ஏன் ஊற்றுகிறாய் என்று நான் அம்மாவைக் கேட்டதில்லை.

அப்பா நல்ல அப்பா. முன்னால் இன்ஜின் மூடிமேல்தான் என் இடம். சூடு ஏறும் என்று தன் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காரவைப்பார். தூங்கி விழுந்தால் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டே மலை இறங்குவார்.

நான் எட்டாவதோடு நின்றேன். அப்பா இறந்ததும் வண்டியை விற்றார்கள். நானும் ஊரில் தங்கவில்லை. போர்வெல் வண்டியில் ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். ஹூப்ளியில் பரோட்டா அடித்தேன். பொருட்காட்சிகளில் ராட்டினம் ஓட்டினேன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனால் எங்கே படுத்தாலும் கண்ணை மூடினால் அந்தப் பச்சை வேன் வரும். குடும்பம் என்று எனக்கு நினைவிருந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

பாயின் கோழிகள்

கடைசியில் வாணியம்பாடியில் கிடைத்தது. ஒரு தோல் ஷெட்டின் பின்புறம், டயர் இல்லாமல், செங்கல்மேல் நின்றது. உள்ளே கோழிகள் அடைந்திருந்தன.

ஷெட் வைத்திருந்த பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்த இன்னா பண்ணப் போறீங்க? இரும்புக் கடைக்குப் போடணும்னாகூட வாடகை வண்டி புடிச்சில்ல இஸ்துகினு போவணும்?"

"எங்கப்பா வண்டிங்க பாய்."

அவர் வண்டிக்குள் கோழிகளைப் பார்த்தார். "அப்ப எடுத்துகினு போங்க. கோழிங்களுக்கு மட்டும் ஒரு வூடு பாத்துக் குட்த்துட்டு போங்க" என்றார். மூங்கிலும் வலையும் வாங்கி, அரைநாள் உட்கார்ந்து கோழிக்கூண்டு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ஆரணி ரோட்டில் ஒரு மெக்கானிக் சரிபண்ணிக் கொடுத்தார். இடையில் அவர் கேட்டார்: "இந்தத் தகரத் தடுப்ப எடுத்துடட்டுமா? உள்ள காத்தே இருக்காது. பின்கதவுக்குத் தாழ்ப்பா வெளியதான் கீது. உள்ளாற இருந்து திறக்க முடியாதுங்க. மாத்திடலாமா?"

"வேணாங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்" என்றேன்.

அந்த 'அப்படியே' என்ற சொல்லில் எனக்கு அவ்வளவு பிடிவாதம். அதே பச்சைக்காக மூன்று பெயிண்ட் கடை ஏறினேன். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தேய்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். பித்தளை ஹாரனைப் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்தேன்.

பிறகு ஜமுனாமரத்தூர் பக்கம் வியாபாரம். மேலே ஏறும்போது பிளாஸ்டிக் குடம், வெங்காயம், கருவாடு. இறங்கும்போது புளி, சாமை, பலாப்பழம். டீக்கடையில் யார் வண்டியைப் பார்த்தாலும், அவர் கேட்காமலேயே, இது எங்கப்பா வண்டி என்று ஆரம்பித்துவிடுவேன்.

அப்பா ஆள் ஏற்றியது மலையின் மறுபக்கம், புதூர்நாட்டுப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அங்கே போக ஆசை. சவரிமுத்து மேஸ்திரி மகனா என்று யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று மலை ஏறினேன்.

கட்டிலுக்கு முன்னால்

கட்டிலை மறைத்து நின்ற அம்மாவின் பெயர் சின்னபாப்பா. கட்டிலில் கிடந்தவன் அவள் மகன் கோவிந்தன். அவன் மனைவி லட்சுமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் ஒரே ஜீப். அது கியர்பாக்ஸைக் கழற்றிப்போட்டுக் கீழே ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஜீப்பின் சொந்தக்காரன் வெள்ளையன், என் வயதுதான், மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். அது வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வந்து சேர மதியம் தாண்டிவிடும்.

"யத்தே, உயிரு போவுது. எந்த வண்டியா இருந்தா இன்னா!" என்று லட்சுமி கத்தினாள்.

"ஒன் மாமனாரும் இதுலதாண்டி ஏறுனாரு," என்றாள் சின்னபாப்பா. "இன்னும் எறங்கல."

நான் வண்டியிலிருந்து கீழே குதித்தேன். "யக்கா, நான் மேஸ்திரி இல்ல, அவரு மவன். அவரு போய்ச் சேந்துட்டாரு. ஆள ஏத்துங்க, நான் பத்திரமா கூட்டினு போறேன்" என்றேன்.

"பத்திரமா கூட்டினு போறேன்னுதான் அவனும் சொன்னான்."

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். நானும் போனேன். தாழ்ப்பாளில் விரலை வைத்தாள். வெள்ளிப் பெயிண்ட் வெயிலில் மின்னியது.

"இதகூட மாத்தல நீ."

மெக்கானிக் கேட்டதும், நான் சொன்னதும் காதில் கேட்டது. ஒருவன் கையிலிருந்த கோடாரியை வாங்கி, அதன் பின்புறத்தால் தாழ்ப்பாளை அடித்தேன். நான் தேய்த்து, பெயிண்ட் அடித்து, எண்ணெய் விட்ட தாழ்ப்பாள். லேசில் விடவில்லை. அது கழன்று விழுந்தபோது கதவும் கொஞ்சம் கோணிக்கொண்டது.

"கயிறு குடுங்க, நானே உள்ளாற இருந்து கட்டிக்கிறேன்" என்றாள் லட்சுமி.

சின்னபாப்பா மகனைப் பார்த்தாள். அவன் உதடு வெளுத்திருந்தது. பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டி போவட்டும். வெள்ளையன் ஓட்டட்டும். லட்சுமியும் அவ அண்ணனும் கூட போவட்டும். இவன் இங்கியே கெடக்கட்டும்."

"நான் இன்னாத்துக்குக்கா?"

"ஈடுக்கு."

கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "ஆட்ட ஈடு வெச்சிக்கிறோம். மாட்ட வெச்சிக்கிறோம். மேஸ்திரி மவன வெச்சதில்ல." யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சின்னபாப்பா சிரிக்கவில்லை.

வாங்கிய நாளிலிருந்து அந்த ஸ்டியரிங்கை வேறு ஆள் தொட நான் விட்டதில்லை. சாவியை வெள்ளையனிடம் கொடுத்து, "ரெண்டாவது கியர் சண்டி பண்ணும், பாத்து…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். எங்கப்பன ஏத்தினு போனப்ப இதும் பின்னாடியே வளைவு வரைக்கும் ஓடிக்கிறேன்," என்றான். "எங்கப்பன் வந்துட்டாரு. பாதி ஆளா வந்தாரு."

என் சரக்கை இறக்கிப்போட்டுவிட்டு, கோவிந்தனைக் கட்டிலோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். கதவு உள்ளிருந்து இழுத்துக் கட்டப்பட்டது. வேன் மரத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த வண்டி தூரம் போவதை நான் வெளியில் நின்று, அதன் முதுகுப்பக்கமாகப் பார்த்ததே இல்லை. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

ஆரஞ்சு

சின்னபாப்பா தன் வீட்டு வாசலில் ஒரு சாக்கை விரித்து என்னை உட்காரச் சொன்னாள். எதிரில் அவள் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குழந்தை என்னை 'ஈடு, ஈடு' என்று கூப்பிட்டுவிட்டு ஓடியது.

உச்சிவெயிலில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டைத் தொடவில்லை.

"துன்னு. நீ செத்துட்டீன்னா அப்புறம் நான் எத்தக் காட்டி வண்டியக் கேக்கறது?"

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுகூடக் கூச்சமாக இருந்தது.

கொஞ்சநேரம் கழித்துக் கேட்டாள்: "ஒங்கப்பன எங்க பொதச்சீங்க?"

"எங்கூருக் கல்லறையிலதாங்க."

"போய்ப் பாப்பியா?"

"நவம்பர்ல கல்லறைத் திருநாள் வரும். அக்கா சுண்ணாம்பு அடிச்சு, பூ வைக்கும். நான் ஊருப் பக்கம் இருந்தா போவேன்."

"சரி," என்றாள். "எங்கன்னு தெரியுதில்ல. அது போதும்."

அவள் கணவன் வேனில் ஏறியபோது கோவிந்தன் வயிற்றில் இருந்தானாம். வேலை முடிந்து வேன் திரும்பி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. இவள் கேட்பதற்கு முன்னால் அப்பா இவளைக் கேட்டாராம். "ஒம் புருசன் பாதியில ஓடியாந்துட்டான், முன்பணம் அப்படியே நிக்குது, எங்க ஒளிச்சு வெச்சிக்கிறே?" என்று. வீட்டுக்குள் புகுந்து தானியக் குதிருக்குள் எட்டிப் பார்த்தாராம்.

அப்பா இன்னொருவர் வீட்டுக் குதிருக்குள் எட்டிப் பார்ப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். சுலபமாகவே நினைக்க முடிந்தது. தோளில் துண்டு இருந்தது. அந்தத் துண்டைத்தான் நாலாக மடித்து எனக்குப் போட்டிருந்தார்.

"நீ போயிருக்கியா, அந்தத் தோட்டத்துக்கு?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூட லீவுல ஒரு தடவ போயிருக்கேங்க."

கொட்டை எடுக்கும் கை நின்றது. "ஆளுங்க எங்க தங்குவாங்க?"

"தெரியலக்கா."

"எங்க படுப்பாங்க? குளுருமா அங்க?"

"தெரியலக்கா. காப்பிப் பூ வாசனையா இருந்துச்சு. தோட்டத்துல கணக்கு எழுதற ரைட்டர் எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் குடுத்தாரு."

"ஆரஞ்சு மட்டும் தெரியுது," என்றாள்.

திட்டவில்லை. எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்த்து வைத்துக்கொள்வதுபோல்தான் சொன்னாள்.

ஒரு திருத்தம்

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தேன். இன்ஜின் மூடிமேல் நான் உட்கார்ந்திருக்க, பின்னால் மலைக்காரர்கள் தகரத் தடுப்பில் தாளம் தட்டிக்கொண்டே வருவார்கள் என்றும், நானும் முன்னால் டேஷ்போர்டில் அதே தாளத்தைத் தட்டுவேன் என்றும், அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ரேடியோவைக் கூட்டி வைப்பார் என்றும். படித்தவர்கள் பலர் அந்த இடம் அழகாக இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்த இடம்.

அன்று மதியம் சின்னபாப்பா சொன்னாள்: "உள்ள நிக்கக்கூட எடம் இருக்காதாம். வளைவுல வாந்தியா எடுப்பாங்களாம். பொம்பளைங்களுக்கு ஒதுங்கணும்னா, தகரத்துல தட்டுவாங்களாம். நிறுத்துன்னு தட்டுவாங்களாம். ஒங்கப்பன் நிறுத்தவே மாட்டானாம்."

அது தாளம் இல்லை.

நிறுத்தச் சொல்லித் தட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை பினாயிலும் அதற்காகத்தான். அதன் மேலேதான் பாய் விரித்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கழுவியவள் அவள்தானே. முன்பு எழுதியதை வாசகர்கள் இப்படித் திருத்திப் படிக்க வேண்டும்.

நானும் சேர்ந்து தட்டியதைச் சின்னபாப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாகும். அவளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் சொல்லவில்லை. நானும் ஒரு கை புளியை எடுத்துக் கொட்டை நீக்க ஆரம்பித்தேன். எனக்குச் சரியாக வரவில்லை.

"ஓட்ட நல்லா ஒடச்சுட்டு எடு. ஈடா இருக்கறவன் புளியப் பாழ் பண்ணக் கூடாது" என்றாள்.

வேன் திரும்பியபோது

வெயில் சாய்ந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டாள். சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் கழுத்து நிமிரும். வேன் இல்லை, பைக். பைக்கும் இல்லை, மாவு மில்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேன் வந்தது. வெள்ளையன் ஹாரன் அடிக்கவில்லை. மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே கத்தினான்: "நல்லா கீறான், பெரீம்மா! திருப்பத்தூருல சேத்துட்டோம். காலுக்கு ஆபரேசன் பண்ணணுமாம். கொஞ்ச நாள் ஆவும், ஆனா நடப்பான்னு சொல்ட்டாங்க. லட்சுமி கூட கீது."

ஊர் மொத்தமாக மூச்சு விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சின்னபாப்பா நேராக வண்டிக்குப் பின்னால் போனாள். கோணிய கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். காலிக் கட்டில் மட்டும் இருந்தது.

வெள்ளையன் ஓடிவந்து தன் செல்போனை எடுத்தான். ஆஸ்பத்திரியில் பிடித்துவந்த வீடியோ படம். கட்டுப் போட்ட காலோடு கோவிந்தன் படுத்திருந்தான். "யம்மா, சோறு துன்னியா?" என்றான்.

அவள் திரையைத் தொட்டாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, இன்னா ஆச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணும் இல்ல பெரீம்மா, நீ தொட்டுட்டே" என்று வெள்ளையன் மறுபடி ஓடவிட்டான். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். இன்னொரு தடவை.

நான் எழுந்து சாக்கை மடித்துவைத்தேன். வெள்ளையனிடம் சாவிக்குக் கை நீட்டினேன். பிறகு அவளிடம் போய், "வர்றேங்கக்கா" என்றேன்.

"எங்க?"

"வண்டிதான் வந்துடுச்சேக்கா."

"அன்னிக்கும் வண்டி வந்துச்சு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளையன் சாவியை நீட்டியபடி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். போகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவளும் தடுத்திருக்க மாட்டாள்.

சாவி அவனிடமே இருக்கட்டும் என்றேன். சாக்கை மறுபடி விரித்து உட்கார்ந்தேன்.

இது நடந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. காலையில் வேனை வெள்ளையன் எடுத்துக்கொண்டு போகிறான். லட்சுமிக்குச் சோறும் துணியும் கொண்டுபோகிறான், வரும்போது கோவிந்தனைச் செல்போனில் பிடித்துக்கொண்டு வருகிறான். இந்தத் தாள்களையும் அவன்தான் கீழே தபாலில் சேர்ப்பான். என் கருவாடும் வெங்காயமும் இங்கேயே விற்றுப்போயின. புளி கொட்டை எடுக்க இப்போது எனக்கு வருகிறது.

கோவிந்தனை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் இங்கே இருக்கிறேன்.